ஏழாவது பாளை

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ராபின்சன் வீட்டு முற்றத்தில் குடும்பம் கூடும். ஆறு வீட்டுக்காரர்கள், பிள்ளைகள் மட்டும் பதினான்கு. பெரியவர்கள் நிம்மதியாகத் தின்று பேச வேண்டுமென்றால் இந்தப் பதினான்கையும் வெளியே மேய்க்க ஒருவர் வேண்டும். எட்டு வருஷமாக அந்த ஒருவர் ராபின்சனின் தங்கை ரெஜிலா. கல்யாணமாகாதவள், அவளுக்கு வேறென்ன வேலை என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அது முடிவாகியிருந்தது.

அதற்காக அவள் ஏனோதானோ என்று செய்கிறவள் அல்ல. நவம்பரிலேயே தேங்காய்ச் சிரட்டைகளில் துளை போட்டுக் கயிறு கோத்து வைப்பாள், பிள்ளைகள் அதில் ஏறி நடக்க. காலிக் குப்பிகளில் மணல் நிரப்பி, அவற்றைச் சாய்க்கப் பழைய சாக்ஸைச் சுருட்டிப் பந்தாக்குவாள். பாக்கு மரத்திலிருந்து கமுகம்பாளைகளை விழ விழப் பொறுக்கிச் சேர்ப்பாள். பாளையின் அகன்ற அடியில் பிள்ளை உட்கார, ஓலைப் பக்கத்தைப் பிடித்துப் பெரியவர் ஒருவர் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். எல்லாமே குடும்பத்துக்குக் குடும்பம் போட்டி. கரும்பலகையில் ஆறு குடும்பத் தலைவர்களின் பெயர், நேரே மார்க். நடுவர் எந்தக் கட்சியிலும் சேர முடியாதே. ஆகவே அவள் பெயர் எங்கும் கிடையாது.

இந்த வருஷம் ஜூனில் அவள் தனுவச்சபுரத்தில் இரண்டு அறை வீடு கட்டிக் குடிபோனாள். தனி ரேஷன் கார்டும் வந்தது. குடும்பத் தலைவி ரெஜிலா, உறுப்பினர் ஒன்று. ரேஷன் கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இருபத்தாறாம் தேதி காலையில் அவள் கரும்பலகையில் ஏழாவதாகத் தன் பெயரை எழுதியபோது அண்ணன்தான் சிரித்தான்.

"நீயும் ஆடினா பின்ன ஆரு விசிலடிப்பா?"

"நானே அடிக்கேன்."

"எதுக்குட்டி தனியா? நீ நம்ம வீட்டுல உள்ளவளாக்கும்."

"எனக்கும் வீடு உண்டு அண்ணா. பாளை இழுப்பு மட்டும் ஆடுதேன். அது போதும்."

சின்னப்பிள்ளைத்தனம் என்பீர்கள். இருக்கட்டும். நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான், மற்ற குடும்பங்களைப்போலத் தன் பெயருக்கு நேரேயும் ஒரு மார்க்.

பாளையில் உட்கார ஆள் வேண்டுமே. ராபின்சனின் மகன் தன் அப்பாவின் பாளையில் உட்காருவதாக ஏற்பாடு. அவனுக்கு மூத்தவள் சானு, எட்டு வயது, "நான் மாமிக்க பாளையில இரிக்கேன்" என்று தானாகவே அத்தையிடம் வந்து ஒட்டிக்கொண்டாள். அதைக் கேட்டதிலிருந்து ரெஜிலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மதியம்வரை சிரட்டைக்கும் குப்பிக்கும் மார்க் போட்டுக்கொண்டே, சானு எங்கே சானு எங்கே என்று கண் தேடியது.

சாப்பாடு முடிந்து, ரப்பர் இலைகள் உதிர்ந்து கிடந்த சரிவில் ஏழு பாளைகளும் வரிசையாக நின்றன. ஆளில்லாத பாளை எல்லைக் கோட்டைத் தாண்டினால் பூஜ்யம் என்று அவளே உரக்கச் சொன்னாள். போன வருஷம் எலியா சித்தப்பா தன் பேரனை நடுவழியில் உருட்டிவிட்டு, வெறும் பாளையோடு ஜெயித்ததாகச் சண்டை போட்டதால் வந்த விதி அது.

விசிலை வாயில் வைக்கும்போது ராபின்சனின் மகனை முசுறு எறும்பு கடித்தது. அவன் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். வராந்தாவிலிருந்து அவன் அம்மா ஷிஜி கூப்பிட்டாள்.

"சானு, அப்பாக்க பாளையில வந்து இரி. நமக்கு ஆளில்ல."

சானு மாமியின் முகத்தைப் பார்த்தாள். ரெஜிலா மறுத்திருக்கலாம். ஆனால் பிள்ளை அவர்களுடையது.

"போ மக்கா" என்றாள்.

மற்ற பிள்ளைகள் அவரவர் வீட்டுப் பாளையைச் சுற்றி நின்று கூவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வந்தால் போதும். யாரும் வரவில்லை. வா என்று கேட்க அவளுக்கும் நாக்கு எழவில்லை. ஆறு பேரும் காத்து நின்றார்கள். விசிலடித்துவிட்டு ஓடினாள்.

வெறும் பாளைக்குக் கனம் ஏது? மற்றவர்கள் பாதிதூரம் வருமுன் அவள் கோட்டைத் தாண்டி நின்றாள். ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"மாமிக்க பாளையில ஆளில்ல" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

இரண்டாவதாக வந்த ராபின்சன் மூச்சுவாங்கச் சிரித்தான். "விடுங்க மக்களே. மார்க்கு குடுத்திருவோம். பாவம், ஒத்தையல்லியா."

எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல மனசோடுதான் தட்டினார்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. எட்டு வருஷமாக யாரும் வெளியே விடாமல் வைத்திருந்த சொல், அத்தனைபேர் முன்னால் விழுந்துவிட்டது.

கரும்பலகைக்குப் போனாள். முதல் இடத்துக்கான பத்தை அண்ணன் பெயருக்கு நேரே எழுதினாள். மற்றவர்களுக்கும் வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் தன் பெயருக்கு நேரே ஒரு பூஜ்யம் போட்டாள்.

"அதெதுக்கு? நாங்கதான் தாறோம்ணு சொல்லியாச்சே" என்றான் ராபின்சன்.

"ஆறு குடும்பத்துக்கு உள்ள ரூலுதான் அண்ணா ஏழாவதுக்கும்."

இத்தனை வருஷத்தில் அவள் பெயருக்கு விழுந்த முதல் மார்க் அது. சாக்கட்டியை வைத்துவிட்டு, சாக்ஸ் பந்துகளைப் பொறுக்கி வாளியில் போட ஆரம்பித்தாள்.