ரிக்கர், ஐம்பதுக்கு மேல், ஒருவர்

...ஐந்துக்கும் குறைவு என்று போட்டிருந்தால் போதுமே, இத்தனை வருஷமாக அப்படித்தானே போட்டாள், அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஐந்து பேர்கூடத் தேறாவிட்டால் எண்ணை எழுதாதே, ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று செய்தித்தளத்தில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு வாய் கிழியச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தானே, அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எப்படிக் கோட்டைவிட்டாள்... வளைகுடா நகரின் சத்வா பகுதியில் சாதிக் பாட்ஷாவின் தையல் கடையில், அபாயாவின் கீழ்மடிப்பு தைத்து முடியட்டும் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்த நஸீஹா, மாயாண்டியின் போன் எண்ணை மறுபடியும் அழுத்தினாள். ஸ்விட்ச் ஆஃப். காலையிலிருந்து எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியவில்லை, எண்ணிக்கைதான் பிழைப்பு, இதை மட்டும் எண்ணப் பிடிக்கவில்லை.

என்ன பெரிய செய்தி அது, ஒரே கட்டட சைட், ஒரே வெயில், மத்தியான இடைவேளையில் ஏ.சி. அறை யாருக்கு, தகரக் கொட்டகை யாருக்கு, அதை நாடு வாரியாகப் பிரித்து ஓர் அட்டவணை, மேஸ்திரி வேலை பார்க்கிற ஐரோப்பியனுக்கு அறை, அதே மேஸ்திரி வேலை பார்க்கிற நேபாளிக்குக் கொட்டகை, வேலை ஒன்றுதான், பாஸ்போர்ட்தான் வேறு... நாற்பத்தோரு பேரின் விவரத்தைச் சேகரித்துத் தந்தது மாயாண்டிதான், கிரேன் கொக்கியில் சுமை கட்டுகிற ரிக்கர், தொழிலாளர் கேம்ப்பில் குளிக்கிற வரிசையில் நின்றபடியே ஒவ்வொருவராக விசாரித்து வாய்ஸ் மெசேஜில் அனுப்புவார், பின்னால் வாளிச் சத்தம் கேட்கும். நீங்க வேண்டாம்ணே, ஒங்கள விட்டுருவோம் என்று இவள் சொன்னதற்கு அவர் கேட்கவில்லை. "என்னை மட்டும் ஏன் தாயி விடுறீக? நானும் ஒரு ஆளுதான, சேத்துக்கங்க." சேர்த்தாள். செய்தி வெளியாக ஒரு மணி நேரம் இருக்கும்போது லண்டனிலிருந்து ஆசிரியர் ஷிரின், வயது வாரியாகவும் பிரித்தால் பளிச்சென்று இருக்குமே என்றாள், இவளும் மளமளவென்று பிரித்தாள், பிரித்த பிறகு சின்னக் கட்டங்களைச் சேர்க்க வேண்டும் என்பது... இந்தியா, ரிக்கர், ஐம்பதுக்கு மேல், ஒன்று. அந்தக் கேம்ப்பில் அப்படி ஒரே ஓர் ஆள்தான். பெயரை மறைத்துவிட்டு ஆளைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்தியிருக்கிறாள், பாவி.

விடிந்ததும் அவருடைய ரூம்காரர் விஜயபாஸ்கரின் குரல் வந்தது, ரகசியமாக, அவசரமாக. "நேத்து ராத்திரி அண்ணன ஆபீசுக்குக் கூப்ட்டாங்கக்கா. ஒங்க அட்டவணைய பிரிண்ட் எடுத்து, அண்ணன் வரியில மஞ்சக் கோடு போட்டு மேசையில வச்சிருந்தாங்களாம், ஆபீஸ் பையன் பாத்திருக்கான். கலாஸ், முடிஞ்சுபோச்சு, ரூமுக்குத் திரும்பி வரல. பெட்டியும் இல்ல." அவ்வளவுதான், அந்த எண்ணிலும் அதற்குப்பிறகு யாரும் எடுக்கவில்லை. ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்களா, வேறு எங்காவது வைத்திருக்கிறார்களா, ஐம்பத்திரண்டு வயது மனிதர், சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்டாரோ என்னவோ... கேம்ப் வாசலில் போய் நிற்கலாம், நின்றால் மீதி நாற்பது பேரையும் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். இந்தியத் தூதரக உதவி எண்ணுக்குப் பேசினாள், அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள், பாஸ்போர்ட் எண்? தெரியாது. தகப்பன் பெயர்? தெரியாது. சரி மேடம், எந்த ஊர் என்றாவது? அதுவும் தெரியாது என்று போனை வைத்தாள். வீட்டுக்குத் தகவல் சொல்லலாம், அவர் மனைவி நாகவள்ளி, பெயர் தெரியும், வெறும் நாகவள்ளியை எங்கே போய்த் தேடுவது?

தையல் மிஷின் நின்றது. கடைக்குள் புதிதாக யாரோ ஒருவர் சட்டைத்துணியோடு நுழைந்தார், சாதிக் பாட்ஷா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுப்பதற்கு முன்பே, "வாங்க தம்பி, ஊரு எது?" என்றார். பரமக்குடிப் பக்கம் என்றார் வந்தவர், அட, எங்க சம்பந்தி ஊராச்சே, அப்புறம் தெரு, அப்புறம் யார் மகன், துணியை விரிப்பதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. நஸீஹா பார்த்துக்கொண்டே இருந்தாள். மாயாண்டியும் முதல் நாளே அப்படித்தான் ஆரம்பித்தார், நீங்க எந்த ஊரு தாயி என்று கேட்டார், கீழக்கரை என்றதும் குரலே மாறியது, அட, நமக்கு அங்கிட்டுத்தான் தாயி, பக்கத்துலதான், என்று சந்தோஷமாகச் சொல்லவந்தவரை இவள்தான் பாதியில் நிறுத்தினாள், ஊரெல்லாம் சொல்லாதீங்கண்ணே, எனக்குத் தெரியாம இருக்கிறதுதான் ஒங்களுக்கு நல்லது என்று, பெரிய கெட்டிக்காரி மாதிரி. சரி தாயி என்று அவரும் நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு அவர் ஒருநாளும் ஊரைப் பற்றிப் பேசியதே இல்லை.

"இந்தாம்மா, நீளம் சரியா பாத்துக்கங்க" என்று சாதிக் பாட்ஷா அபாயாவை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். மாயாண்டி யாரிடமிருந்து மறைய வேண்டுமோ அவர்கள் ஒரே வரியில் கண்டுபிடித்துவிட்டார்கள்... அப்படியானால் இத்தனை நாளும் யாரிடமிருந்து அவரை மறைத்துவைத்தாள்?