பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள்

கிறிஸ்மஸ் ஒளிவிழா ஒத்திகை முடிந்ததும் எங்கள் டென்மார்க் தேவாலய வாசலில் நின்று கார் பிரிப்பது என் வேலை. எந்தப் பிள்ளை எந்தக் காரில் போவது என்று கூவிக் கூவி அனுப்புவேன். பாதிப் பெற்றோர் ஃபக்ரறியிலோ முதியோர் இல்லத்திலோ ஷிப்டில் நிற்பார்கள். ஆகவே விபோர்க் போகிற காரில் விபோர்க் பிள்ளைகள், இக்காஸ்ட் போகிற காரில் இக்காஸ்ட் பிள்ளைகள். ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் பிள்ளைகளுக்கு அவர் மாமாதான். மறைக்கல்வி படிப்பிக்க முதல் என்னிடம் பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தேன். எங்கள் மாமாமாரிடம் யார் என்ன கேட்டார்கள்? காரில் இடம் இருந்தால் சரி.

அந்தச் சனிக்கிழமை ஒரு கார் குறைந்துவிட்டது. மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது, நாலு மணிக்கே இருட்டிவிட்டது, பிள்ளைகள் சம்மனசு வேடத்துச் சிறகுகளோடு நடுங்குகிறார்கள். பார்த்தால் டானியல் காரோடு நிற்கிறார். ராசமலர் அக்காவின் தம்பி. கோடையில்தான் எஸ்பியர்க் பக்கத்திலிருந்து வந்து அக்கா வீட்டில் தங்கினவர். ராசமலர் அக்கா உள்ளே பிள்ளைகளின் சட்டைகளுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தா. அவவை ஏற்றிப்போக வந்திருந்தார். மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு இருவரும் தவறாமல் வருவார்கள். கடைசி வாங்கில் ஒட்டிக்கொண்டு இருப்பார்கள், முடிந்ததும் தேத்தண்ணிக்குக்கூட நிற்காமல் போய்விடுவார்கள். பெரிய எடுப்பு, எங்களை மதிக்கிறதில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

“இக்காஸ்டுக்குத்தானே போறியள், இந்த ரெண்டையும் இறக்கி விடுங்கோ” என்று சொல்லி, என் மகள் மிதுஷாவையும் அவளுடைய சிநேகிதி மேனுஜாவையும் பின்சீட்டில் ஏற்றி பெல்ட்டும் மாட்டிவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க எனக்கு எங்கே நேரம்? அடுத்த காருக்கு ஆள் கூப்பிடத் திரும்பிவிட்டேன்.

அப்போதுதான் ராசமலர் அக்கா ஓடிவந்தா. காலில் சப்பாத்து இல்லை, காலுறையோடு சேற்றுப் பனிக்குள் ஓடிவந்தா. கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது. என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கார்க் கதவைத் திறந்து பெல்ட்டைக் கழற்றி இரண்டு பிள்ளைகளையும் வெளியே இழுத்து விட்டா.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. எங்கள் பிள்ளைகள் ஏறினால் உங்கள் சீட் அழுக்காகிவிடுமோ என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவ என்னைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனா.

“யூலி, இவன் சிறையில இருந்து வந்தவன். சின்னப் பிள்ளையில கை வைச்சதுக்கு.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன். பெல்ட்டை மாட்டிவிட்டது இதே கை. திரும்பிப் பார்த்தால் டானியல் கை இரண்டையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி தலைகுனிந்து இருக்கிறார். அவர் காரை எடுத்திருக்கமாட்டார் என்று பிறகு சிலர் சொன்னார்கள். இருக்கலாம். அதை நம்பி என் பிள்ளையைப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை. மிதுஷாவைக் கட்டிப்பிடித்தேன். சிறகு நசிகிறது, விடுங்கள் என்று டெனிஷில் கத்தினாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

சத்தம் கேட்டுச் சபைத் தலைவர் மகேந்திரராசா அண்ணை வெளியே வந்தார். விசயம் அவருக்குக் கோடையிலிருந்தே தெரியுமாம். டெனிஷ் ஃபாதர் அவரிடம் சொல்லி, பெற்றோருக்கும் அறிவியுங்கள் என்றிருக்கிறார். இவர் அறிவிக்கவில்லை. தண்டனை முடிந்து வந்த மனுசன், பூசை காண வருகிறவனை விரட்ட முடியாது, அந்தக் குடும்பத்தின் மானத்தையும் பார்க்க வேண்டும், அதுதான் தம்பியைப் பார்த்துக்கொள் என்று அக்காவிடம் ஒப்படைத்தேன் என்று எனக்கே விளக்கம் சொன்னார். நல்ல காவல் ஏற்பாடு! ஒரு மனுசியும் இரண்டு கண்களும்.

“அண்ணை, தெரிஞ்சிருந்தா நான் ஏத்தியிருப்பனே? நீங்கள் பாக்கிற மானத்துக்கு என்ர பிள்ளை பலியோ?”

ராசமலர் அக்காதான் மெதுவாகச் சொன்னா. “ஊசி குத்திக்கொண்டு நிண்டனான். ஒருக்கா ஜன்னலாலை பாக்கேல்லையெண்டால்...”

அடுத்த ஞாயிறு பெற்றோர் எல்லோரையும் கீழ் மண்டபத்துக்குக் கூப்பிட்டேன். ஃபாதரும் வந்தார். ராசமலர் அக்காவின் சம்மதத்தோடு விசயத்தை நானே சொன்னேன். கலவரம் வெடிக்கும் என்று நினைத்திருந்தேன். சத்தம் வந்ததுதான். தேவாலய வளவுக்குள்ளேயே டானியல் கால் வைக்கக்கூடாது என்றும் ஒரு குரல் எழுந்தது. ஆனால் விபோர்க்கிலிருந்து வந்த கோபாலகிருஷ்ணன் எழும்பிச் சொன்னார், அரசல் புரசலாகக் கதை காதில் விழுந்து, உண்மையோ பொய்யோ தெரியாமல் மூன்று மாதமாகத் தன் பிள்ளைகளைப் பூசைக்கே கூட்டிவரவில்லையாம். இனித்தான் பயமில்லாமல் கூட்டிவரலாம் என்றார். அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. என்ன செய்வது என்றுதான் கதைத்தார்கள்.

டானியல் பூசைக்கு மட்டும் வரலாம். பக்கத்தில் எங்களில் ஒருவர் முறை வைத்து இருப்பார். ஆசீர்வாதம் முடிந்ததும் அவரே கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விடுவார். மண்டபம், ஒத்திகை, ஒளிவிழா எதுவும் அவருக்கு இல்லை. அதோடு என் கார் பிரிப்பும் அன்றோடு முடிந்தது. பொலிஸ் சான்றிதழ் உள்ளவர் காரில், அம்மா அப்பா பெயர் சொல்லி ஒப்படைத்தால் மட்டும் பிள்ளை ஏறும். எங்கள் சனம் முணுமுணுத்தது, ஆனால் செய்தது. மண்டபத்துக்கு வெளியே மகேந்திரராசா அண்ணை இதையெல்லாம் டானியலிடம் சொன்னபோது அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றாராம். அவரைப் பற்றி எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல இருப்பது ராசமலர் அக்காவைப் பற்றி. அடுத்த மாதப் பூசையில் அவ முன்வாங்கில், பெண்களோடு இருந்தா. தம்பிக்குப் பக்கத்தில் அன்றைய முறைக்காரன், எங்கள் பெடியன் நிரோஜன் இருந்தான். பூசை முடிய அவ கீழே வந்து, உள்ளே வரலாமோ என்று தெரியாத மாதிரி மண்டப வாசலில் நின்றா. நான் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் பற்றிஸும் கொடுத்தேன். கையில் கோப்பையை வைத்துக்கொண்டு கதவையே பார்க்கிறா.

“நிரோஜன் வீட்டில விட்டிட்டு மெசேஜ் போட்டிட்டான். இருந்து குடியுங்கோ” என்றேன்.

அவ ஒரு வாய் குடித்தா. பிள்ளைகள் மேசைகளுக்கு நடுவே கத்திக்கொண்டு ஓடினார்கள். மிதுஷா அவவின் முழங்காலில் மோதிவிட்டு, மன்னிப்பும் கேட்காமல் ஓடினாள். அவ அவள் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தா. சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் நீர் வழிந்தது.

“கோடையில இருந்து ஒவ்வொரு மாசமும் வாறன் யூலி. இண்டைக்குத்தான் பூசை கண்டனான்.”

அவவின் கோப்பையை வாங்கி இன்னொருக்கால் நிரப்பிக் கொடுத்தேன்.