நாலாவது துண்டு

எங்க ஊர்ல பேய்க் கதை படிக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க. ஆனா ஒரே புக்கை நாலாக் கிழிச்சு, வண்டியில உக்காந்துகினு, முறை போட்டுப் படிச்ச பொம்பளைங்க நாங்க நாலு பேர்தான்.

என் பேரு பாப்பம்மா. பெங்களூர்ல ஒரு ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங் வேலை. மாரிக்குப்பத்துல காலையில முதல் வண்டி ஏறுவேன். ஏறினதும் நாலு கர்ச்சீப்பை வீசி நாலு சீட்டு பிடிப்பேன். எனக்கு ஒண்ணு, சாம்பியன்ல ஏறுற ராதிகாவுக்கு ஒண்ணு, ஊரிகாம்ல ஏறுற சுனிதாவுக்கு ஒண்ணு, கோரமண்டல்ல ஏறுற லவினாவுக்கு ஜன்னலோரம் ஒண்ணு. எவனாவது "இன்னாம்மா, வண்டி உங்கப்பன் வீட்டுதா?"ன்னு கேப்பான். "ஆமாய்யா, எங்கப்பன் முப்பது வருசம் இந்த ஊரு தங்கச் சுரங்கத்து ஷாப்ட்ல எறங்கினான், அவன் பொண்ணுக்கு நாலு சீட்டு கூட கெடையாதா?"ன்னு நானும் கேப்பேன். வாயை மூடிகினு போயிடுவான்.

புக்கு ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குறது. மாசத்துக்கு ரெண்டு. ஆவி, மறுபிறவி, கண்ணாடிக்குள்ள போற பொண்ணு, வேற கிரகத்துல இருந்து வர்றவன், எதுவா இருந்தாலும் சரி. குடும்பக் கதை மட்டும் வேணாம், அது வீட்லயே இருக்குது. ஒருத்தி முழுசா முடிக்கிற வரைக்கும் மத்தவங்க வாயைப் பாத்துகினு இருக்கணுமா? அதனால பிளேடு போட்டு புக்கை நாலாப் பிரிச்சிடுவேன். மேல மூலையில பேனாவால ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு போடுவேன். முதல் துண்டை ராதிகா படிச்சுட்டு மறுநாள் சுனிதாகிட்ட தருவா, சுனிதா எனக்குத் தருவா, நான் லவினாவுக்குத் தருவேன். மத்த துண்டுங்களும் அதே மாதிரி பின்னாடியே வரும்.

இதுல ஒரே ஒரு சட்டம். முடிவை யாரும் வாய் விட்டுச் சொல்லக் கூடாது. சட்டம் போட்டது நான். கடைசியா படிக்கிறவ லவினா, அவளுக்குத்தான் இந்தச் சட்டத்தால கஷ்டம். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஸ்கூல்ல அவ ஆயா. நூறு பிள்ளைங்களை மேய்க்கிறவளுக்குப் பொறுமை மட்டும் கெடையாது. ரெண்டாவது துண்டுலயே "இவன்தாண்டி கொலைகாரன்"னு விரலை நீட்டுவா. பாதி நேரம் தப்பு. தப்புன்னு தெரிஞ்சா, "கதை எழுதினவனுக்கு மூளை இல்ல"ம்பா. நான் வாயைத் திறக்க மாட்டேன்னு தெரிஞ்சு என் மூஞ்சியவே பாத்துகினு இருப்பா. "பாப்பா, உன் மூஞ்சி ஒரு போஸ்டர்டி, எல்லாம் ஒட்டி இருக்குது"ன்னு சிரிப்பா.

போன பிப்ரவரியில அவளுக்கு மஞ்சக்காமாலைன்னாங்க. அப்புறம் ஈரல்னாங்க. அப்ப நாங்க படிச்சுகினு இருந்தது 'நீலக்கதவு பங்களா'. மலை மேல ஒரு பங்களா, மாடியில பூட்டின ஒரு நீலக் கதவு, வெள்ளிக்கிழமை ஆனா அதுக்குள்ள இருந்து செத்துப் போன பொண்ணோட கொலுசு சத்தம். முதல் மூணு துண்டும் லவினா படிச்சிட்டா. நாலாவது என் பையில இருந்துச்சு. நான் முடிச்சிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில்ல பாதி ஆளா கெடந்தா. அவ வீட்டுக்காரர் கிளமெண்ட் ஃபிளாஸ்க்கோட பக்கத்துல நின்னுகினு இருந்தாரு.

"பாப்பா, எழுத்தெல்லாம் ஆடுது எனக்கு. படிக்க முடியல. நீயே சொல்லிடு. அந்தப் பொண்ணு நெசமாவே ஆவியா, இல்லியா?"

"அய்யே, ஆசையைப் பாரு. சட்டம்னா சட்டம். எழுந்து வா, ஜன்னல் சீட்ல உக்காந்து நீயே படி."

"சொல்லுடி."

"மாட்டேன்."

சிரிச்சா. பல்லெல்லாம் மஞ்சள். "சொல்லலன்னா நானே வந்து எடுத்துக்குவேன்."

"வா. வந்து எடுத்துக்கோ"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மூணாம் நாள் செத்துட்டா.

நான் கல்நெஞ்சக்காரி இல்ல. முடிவு என்கிட்ட இருந்தா, அதைத் தெரிஞ்சிக்கவாவது எழுந்து வருவான்னு நெனச்சேன். அவ்வளவுதான் என் கணக்கு. அந்த முடிவும் இன்னா பெரிய முடிவு? ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பங்களா மேனேஜர் டேப் ரெக்கார்டர்ல கொலுசு சத்தம் போட்டு எல்லாரையும் வெரட்டுறான், பங்களாவை அமுக்கப் பாக்குறான். மட்டமான முடிவு. அந்தக் குப்பையை ஒரு உசுருகிட்ட இருந்து ஒளிச்சு வெச்சேன்.

மார்ச்சுல அடுத்த புக்கு வாங்கினோம். மூணு பேர்தான், ஆனாலும் என் கை பழக்கத்துல நாலாத்தான் பிரிச்சுது. மூணு பேரும் முடிச்சதும் சுனிதா நாலாவது துண்டை எடுத்து, ஜன்னல் சீட்டுக்கு மேல, லவினா பை வைக்கிற இடத்துல வெச்சா. "அவளுது அங்க இருக்கட்டும்"னா. மாலூர் தாண்டினா நாங்க மூணு பேரும் தூங்கிடுவோம், கே.ஆர்.புரத்துலதான் முழிப்போம். முழிச்சுப் பாத்தா துண்டைக் காணோம்.

"எவனாச்சும் வடை மடிக்க எடுத்திருப்பான்"னு ராதிகா சொன்னா. அடுத்த புக்கு, அதுவும் போச்சு. அதுக்கு அடுத்ததும். பக்கத்துலயே ராதிகாவோட புதுக் குடை இருந்துச்சு, அதை யாரும் தொடல. குடையை விட்டுட்டுக் கிழிஞ்ச பேப்பரை எடுக்குற திருடன் யாரு? அதுக்கப்புறம் ராதிகா வடையைப் பத்திப் பேசல.

எங்க ஊருக்குப் பேய் இன்னா புதுசா? பூமிக்கு அடியில மைல் கணக்குல ஆளுங்க செத்த ஊரு. எங்கப்பன் சொல்லாத கதையா? அதெல்லாம் கேட்டு வளந்தவதான் நான், பயந்ததில்ல. ஆனா இது என்னைப் பேர் சொல்லி வந்த பேய். கோரமண்டல்ல வண்டி நின்னா என் முழங்கால் தானா ஒதுங்கும், லவினா ஜன்னலுக்குப் போக வழி விடுற மாதிரி. ஒதுங்கினதும் என் முந்தானை லேசா அசையும். காத்துதான், தங்கம் பிரிச்சுட்டுக் கொட்டின சயனைடு மண்ணு மேட்டுப் பக்கம் இருந்து வர்ற காத்து. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு எனக்கே சொல்லிக்குவேன். ஆனா பனி இல்லாத ஏப்ரல்லயும் தோள் ரெண்டும் சில்லுனு ஆயிடும்.

அவ கேட்ட துண்டை மட்டும் நான் மேல வைக்கல. டிபன் பாக்ஸுக்கு அடியில, என் பையிலயே எட்டு மாசம் இருந்துச்சு. அந்த மட்டமான முடிவைப் பாத்து லவினா திட்டுவான்னு பயம்னு ராதிகாகிட்ட சொன்னேன். அது பொய். அதை எடுத்துகினா அவ வந்த வேலை முடிஞ்சிடும், அப்புறம் வர மாட்டா. பயந்துகினாவது அவளை வெச்சிருந்தேன்.

"போதும் அக்கா, நீங்க ராத்திரியில தூங்கறதே இல்ல, கண்ணைப் பாருங்க"ன்னு கடைசியில சுனிதாதான் சத்தம் போட்டா. "கல்லறைத் திருநாள் வருது. போய் அவ துண்டை அவகிட்ட குடுத்துட்டு வந்துடலாம்."

நவம்பர் ரெண்டு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மூணு பேரும் போனோம். கல்லறைத் தோட்டம் பூரா ஜனம். சிலுவைக்கெல்லாம் புதுசா சுண்ணாம்பு, சாமந்தி மாலை, மெழுகுவத்தி. லவினா கல்லறைகிட்ட யாரும் இல்ல, ஆனா மாலை போட்டு இருந்துச்சு. நான் குனிஞ்சு மெழுகுவத்தி வைக்கப் போனேன். சிலுவைக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் கவர், மேல ஒரு கல்லு. பிரிச்சுப் பாத்தேன். உள்ள எல்லாம் எங்க புக்குத் துண்டு. ஒவ்வொண்ணுலயும் மூலையில என் கையெழுத்துல நாலு, நாலு, நாலு.

சுனிதா "ஏசப்பா"ன்னா. அவ தினம் முருகனைக் கும்பிடுறவ.

"நான்தான் எடுத்தேன்"னு பின்னாடி ஒரு குரல். திரும்பினா கிளமெண்ட், கையில தண்ணி பாட்டிலோட.

"நீங்களா? வண்டியிலயா?"

"ஒயிட்ஃபீல்டுல செக்யூரிட்டி வேலைக்குப் போறேன். உங்க பெட்டியிலதான், உங்க கண்ணுல படாம கூட்டத்துக்குப் பின்னாடி கதவுகிட்ட நிப்பேன். நீங்க தூங்கினதும் எடுத்துகினு ஒயிட்ஃபீல்டுல எறங்கிடுவேன்."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?"

அவரு என்னை நேராப் பாத்தாரு. "அவ கேட்டா. நீங்க குடுக்கலயே."

நான் கவரைத் திரும்பச் சிலுவைக்குப் பின்னாடி வெச்சேன்.

"எனக்குக் கோவம் பாப்பக்கா. உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னு ரோசம். அவ கேட்டது எந்த புக்குன்னும் எனக்குத் தெரியாது. தமிழ் பேசுவேன், எழுத்து தெரியாது, நான் படிச்சது இங்கிலீஷும் கன்னடமும். எல்லாத்தையும் கொண்டாந்து வெச்சா, ஏதோ ஒண்ணுல அது இருக்கும், அவளே பாத்துக்குவான்னு வெச்சேன்."

"மார்ச்சுல இருந்தா?"ன்னு ராதிகா கேட்டா.

"மார்ச்சா? இல்லம்மா. எனக்கு வேலை கெடச்சதே ஜூன்லதான். அதுக்கு முன்னாடி நான் வண்டியே ஏறல."

சுனிதா என் கையைப் புடிச்சா, நகம் பதிஞ்சுது. அப்ப ஜூனுக்கு முன்னாடி காணாமப் போன துண்டெல்லாம்?

நான் பையில இருந்து அந்தத் துண்டை எடுத்தேன். "இதுதான் அவ கேட்டது. இதுலதான் அந்த முடிவு இருக்குது, மத்த எதுலயும் இல்ல. உக்காருங்க, படிக்கிறேன்"னேன். மண்ணுல உக்காந்தேன். கிளமெண்ட் எதிர்ல உக்காந்தாரு. சத்தமா படிச்சேன். சுத்தி ஜெபம் பண்றவங்க திரும்பிப் பாத்தாங்க, பாக்கட்டும்.

கதாநாயகி டார்ச்சோட மாடிப்படி ஏறுறா. கொலுசு சத்தம் கேக்குது. நீலக் கதவுல கை வைக்கிறா. பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த வரியில மேனேஜர் நிக்கிறான், கையில டேப் ரெக்கார்டர். பேயே கெடையாதுன்னு, ஒரு கல்லறை முன்னாடி உக்காந்து எப்படிப் படிக்கிறது? அதுக்கா அவளைக் காக்க வெச்சேன்?

சட்டம் போட்டவ நான். நானே அதை உடைச்சேன்.

"கதவு தானாகத் திறந்தது"ன்னு, பேப்பரைப் பாத்துகினே, இல்லாததைப் படிச்சேன். "உள்ளே அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் எங்கேயும் போகவில்லை, எப்போதும் இங்கேதான் இருக்கிறேன் என்றாள்."

ராதிகா என் முதுகுல கிள்ளினா. நான் துண்டை மூடி வெச்சேன்.

கிளமெண்ட் மூஞ்சி தொங்கிப் போச்சு. "அப்போ அவ தோத்துட்டாளா?"

"யாரு?"

"லவினா. அன்னிக்கு நீங்க போனப்புறம் சொன்னா. 'ஆவியும் இல்ல ஒண்ணும் இல்ல, அந்த மேனேஜர்தான் கொலுசு சத்தத்தை டேப்புல போடுறான். பாப்பா மூஞ்சியைப் பாத்தேன், நல்ல முடிவா இருந்தா மூஞ்சி அப்படி இருக்காது'ன்னா. என்கிட்ட பந்தயம் வெச்சா, அவ சொன்னது சரின்னா ஒரு மாசம் நான்தான் மீன் கழுவணும்னு. 'சரியான்னு மட்டும் பாப்பாகிட்ட கேட்டுச் சொல்லு'ன்னு ரெண்டு நாளும் அதேதான். நான் ரோசத்துல கேக்கல."

கண்டுபுடிச்சிட்டா. கட்டில்ல படுத்துகினே, எழுத்து ஆடுற கண்ணால என் மூஞ்சியைப் படிச்சே கண்டுபுடிச்சிட்டா. அவளுக்கு வேண்டியது முடிவு இல்ல. ஆமான்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என் வாய்க்கும் வரல, அவரு வாய்க்கும் வரல.

"பொய் படிச்சேன் கிளமெண்ட்"னேன். "மன்னிச்சிடுங்க. இருங்க." திரும்பத் துண்டைத் திறந்து, அச்சுல இருக்கறதை இருக்கற மாதிரி, மேனேஜரை, டேப்பை, போலீஸை, கடைசி வரியில 'முற்றும்' வரைக்கும் படிச்சேன். அப்புறம் கல்லறையைத் தட்டிக் கத்தினேன். "ஆமாண்டி! நீ சொன்னதுதான் சரி! மேனேஜர்தான்! கேட்டுதா? முதல்லயே வாயைத் திறந்து 'மேனேஜர்தானே'ன்னு கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா பாவி, தலையை ஆட்டியிருப்பேனே!"

பக்கத்துக் கல்லறையில ஒரு அம்மா சிலுவை போட்டுகினாங்க. கிளமெண்ட் சிரிச்சாரு. சிரிச்சுகினே இருந்தவரு, "ஒரு மாசம் மீன் கழுவணும் நான். யாருக்குக் கழுவறது பாப்பக்கா?"ன்னு கேட்டு, மூஞ்சியைப் பொத்திகினாரு.

துண்டைக் கவர்ல வெச்சு, மேல கல்லை வெச்சோம். இனிமே ஞாயித்துக்கிழமையில நானே வந்து படிச்சுக் காட்டுறேன், நீங்க வண்டியில எடுக்க வேணாம்னு கிளமெண்ட்கிட்ட சொன்னேன். சரின்னாரு.

மறுநாள் திங்கக்கிழமை. மாரிக்குப்பத்துல நாலு கர்ச்சீப் வீசினேன். நாங்க மூணு பேரும் முடிச்ச புது புக்கோட நாலாவது துண்டை சுனிதா மேல வெச்சா. கோரமண்டல்ல கிளமெண்ட் ஏறி, எங்களைப் பாத்துத் தலையாட்டிட்டு கதவுகிட்ட நின்னாரு. என் முழங்கால் தானா ஒதுங்குச்சு. முந்தானை அசையல. காத்து அடிச்சுகினுதான் இருந்துச்சு, ஆனா அசையல.

மாலூர் தாண்டித் தூங்கிட்டேன். எட்டு மாசத்துல முதல் தடவை நல்ல தூக்கம். கே.ஆர்.புரத்துல ராதிகா எழுப்பினா. "அக்கா, மேல பாருங்க, யாரும் எடுக்கல, அப்படியே இருக்குது"ன்னு சந்தோசமா சொன்னா.

பாத்தேன். அப்படியேதான் இருந்துச்சு, மூலையில என் நாலோட.

கன்டோன்மென்ட் வர்ற வரைக்கும் அழுதேன். பிப்ரவரியில புதைச்சோம், ஆனா எனக்கு லவினா அன்னிக்குதான் செத்தா.