இல்லையென்று சொன்ன புண்

“இவன் உடம்புல எங்கயாச்சும் புண்ணு இருக்காம்மா?” என்று ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கும் டிரஸர் ராமசாமி கேட்டபோது, ருக்குமணி பட்டென்று “இல்லீங்கய்யா” என்றாள். புருஷனுக்கு வந்திருப்பது என்ன காய்ச்சல் என்று கண்டுபிடிக்கத்தான் அவர் கேட்டார். அவளுக்கோ மானம் போகிற கேள்வியாகப் பட்டது.

புண் இருந்தது. ஆறு நாளாக இருந்தது. காய்ச்சலில் கிடந்த நல்லமுத்துவுக்கு வேட்டி மாற்றியபோது தொடை இடுக்கில் பார்த்தாள். சுருட்டு நுனியால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. கேட்டதற்கு, “தெரியல புள்ள, வலிக்கவே இல்ல” என்றான். வலிக்கவில்லையாம்! அந்த இடத்தில் வருகிற புண் எதுவென்று அவளுக்குத் தெரியாதா? துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆண்கள் எந்தத் தெருவுக்குப் போய் எதை வாங்கி வருகிறார்கள் என்று குழாயடியில் பேசாத நாளில்லை. இவன் மாட்டுக் கொட்டகைக்குப் புல் வெட்டுகிறவன். காலையில் ஆயர் ஈத்தாம் ஊர்ப்பக்கம் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். அத்தனை நேரமும் புல்லைத்தான் வெட்டினானா? நேற்று நெஞ்சிலும் கையிலும் செம்புள்ளிகள் கிளம்பியதும் அவள் மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

டிரஸர் கொய்னா மருந்துப் பொட்டலத்தை நீட்டினார். “மலேரியாதான் போல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. ரெண்டு நாள்ல எந்திரிச்சு வேலைக்குப் போவான்லா.”

பெஞ்சில் சாய்ந்திருந்த நல்லமுத்து யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான். கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. உதட்டில் ஈ உட்கார்ந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. பாவி, துரோகமே செய்திருக்கட்டும். உயிரோடு இருந்தால்தானே சண்டை போட முடியும்!

“ஐயா, பொய் சொல்லிட்டேன்” என்று அவளே வேட்டியை விலக்கிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டிரஸர் குனிந்து பார்த்தார். “இதைப் போயா மறைச்ச?”

“பொம்பளச் சீக்குன்னு நெனச்சேங்கய்யா.”

“மண்ணாங்கட்டி! உண்ணி கடிச்ச புண்ணும்மா. லாலாங் புல்லுக்குள்ள கெடக்குற உண்ணி. இது வேற காய்ச்சல், ஆளையே கொண்டுபோயிரும். இதுக்கு ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல. வார்டுல போட்டு, பக்கத்துலயே இருந்து தண்ணி குடுத்து, ஒடம்பத் தொடச்சுப் பாத்துக்கணும்.”

உண்ணியா! ருக்குமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவனை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. கட்டிலில் கிடத்தியதும் ஈரத்துணியால் அவன் நெஞ்சைத் துடைக்கத் தொடங்கினாள்.

“இந்தக் கடி நாங்க அதிகம் பாத்ததில்ல” என்றார் டிரஸர், சீட்டில் எழுதிக்கொண்டே. “மூணு நாளைக்கு முந்திதான் இதே மாதிரி ஒரு கேசு வந்துச்சு. நோர்மான்னு ஒரு மலாய்க்காரப் பொண்ணு. வீடு ஆயர் ஈத்தாம்.”

அவள் கை நின்றது. “அந்தப் பொண்ணும் புல்லு வெட்டுதுங்களா?”

“சேச்சே, வீட்டுல துணி தைக்குது. அது எதுக்கு லாலாங்குள்ள போச்சுன்னுதான் டாக்டருக்கும் புரியல.”

டிரஸர் போய்விட்டார். நல்லமுத்துவின் காய்ந்த உதடுகள் எதையோ முணுமுணுத்தன. தண்ணீர் கேட்கிறானோ, அந்தப் பெயரைச் சொல்கிறானோ. ருக்குமணி ஒரு கையில் தம்ளரை எடுத்துக்கொண்டாள். அதை அவன் வாயருகே கொண்டுபோகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் காதைக் கொண்டுபோனாள்.