இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்கா வாய் தவறிச் சொன்னது. சொன்ன கையோடு, "டேய், இதை எழுதித் தொலைக்காதே" என்றாள். மாட்டேன் என்றேன். ஒரு வாரம் பொறுத்தேன்.

பிறகு அவளே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். வயது, எண், வருடம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டேன். தலைப்பில் உள்ள எண்ணும் பொய்தான்.

2

அக்கா மறதிநோயை ஆராயும் ஓர் இடத்தில் மருத்துவக் கோப்புகளை வாசிப்பவள். ஆயிரக்கணக்கானோர் ரத்தமும் கொடுத்து, தங்கள் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கச் சம்மதமும் கொடுத்திருக்கிறார்கள். ரத்தத்திலுள்ள மரபணுக்களின் சின்னச் சின்ன வேறுபாடுகளைக் கூட்டி ஆளுக்கொரு மதிப்பெண் போடுகிறார்கள். அதிகமாக இருந்தால் மறதிநோய் வரும் வாய்ப்பும் அதிகம். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்.

குறைந்த மதிப்பெண் வாங்கியும் நோய் வந்ததாகப் பதிவானவர்கள் 212 பேர். அவர்களுக்கு உண்மையிலேயே அதுதானா என்று மருத்துவர்களின் குறிப்புகளைப் படித்துச் சொல்ல வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும். அவர்களில் ஒருவருடைய கதை இது.

3

அவர் காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தபோது வெளியே

(நிறுத்திவிட்டேன். அவர் வீட்டில் ஜன்னல் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது.)

கடிகாரம் பழுதுபார்த்துப் பழகிய அவருடைய விரல்கள்

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "கடிகாரமா? யாருடா சொன்னது?"

"ஒரு தொழில் வேணும்ல?"

"அவர் பஸ் ஓட்டினவர். குறிப்புல இருக்கு."

"பஸ் அவ்வளவு அழகா இல்லையே."

"அழகுக்காகவா வேலைக்குப் போனாரு?"

4

ஆகவே, பஸ் ஓட்டியவர்.* வயது அறுபத்தெட்டு. பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை. நான்கு வருடத்துக்குள் மூன்று மருத்துவர்கள் ஒரே வாக்கியத்தை எழுதியிருக்கிறார்கள்: பாதம் மரத்துப்போவதாகச் சொல்கிறார். அடுத்து, மிகுந்த சோர்வு. அடுத்து, பேரன் பெயர் வரவில்லை என்கிறார் மனைவி. ஒரு நாள், மறதிநோய் என்று பதிவாகிறது.

அதற்கு ஒன்பது நாள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்று வந்து சேர்கிறது. பி12 வைட்டமின் மிக மிகக் குறைவு. அந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிற சிலருக்கு அது குறையுமாம். குறைந்தால் கால் மரக்கும், ஞாபகமும் தடுமாறும். காலம் கடக்காமல் ஊசி போட்டால் தேற வாய்ப்புண்டு.

முடிவுக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. ஊசி போட்ட பதிவும் இல்லை. அக்கா படித்தபோது பதினான்கு மாதம் ஓடியிருந்தது.

"அன்னிக்குச் சோறு இறங்கலடா" என்றாள் அக்கா. "யாருமே தப்பு செய்யாத மாதிரி அவ்வளவு சுத்தமா இருந்துச்சு அந்தப் பக்கம்."

* பஸ்ஸும் அல்ல.

5

அக்கா துறைத் தலைவரின் அறைக்குப் போனாள்.

"நம்மகிட்ட இருக்கிறது எண்ணும்மா, ஆள் இல்ல" என்றார் அவர். "மதிப்பெண் குறைவா இருந்தாலும் அந்த நோய் வரலாம்."

"வரலாம் சார். இதுவாவும் இருக்கலாமே? ஒரு ஊசிதான் சார்."

"ரத்தம் கொடுத்தவங்களுக்கு, 'உங்களைத் தேடி வர மாட்டோம்'னு எழுதிக் கொடுத்திருக்கோம். ஒருத்தருக்காக மீறினா, மத்தவங்க எதை நம்பி ரத்தம் கொடுப்பாங்க?"

(இவரை வில்லனாக்கி மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.)

அக்கா மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். இதற்கென்று படிவமே இல்லை என்றார். அவளே ஒன்று தயாரித்துக்கொண்டு போனாள். ஒன்பதாவது நாள் அவர் அதிலிருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எந்த எண் எந்த ஆள் என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். வேறொரு கட்டடத்தில் பதிவுகளைக் காப்பவர், ஓர் அம்மாள். அக்கா அவருக்குப் போன் செய்தாள்.

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன். ஆனா, என்ன ஆச்சுன்னு நீங்க கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேம்மா. உடனே ஊசி போட்ருவாங்கல்ல?"

எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது.

6

ஆறு மாதம் கழித்துப் புதிய பதிவுகள் வந்தன. அக்காவின் பட்டியலில் 211 பேர்தான் இருந்தார்கள். ஒருவர்மீது அக்கறை காட்டிவிட்டவர் அவருடைய கோப்பை நடுநிலையோடு வாசிக்க முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. அவருடைய கோப்பு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. விதியை எழுதிய குழுவில் அக்காவும் இருந்தாள்.

நான் ஒரு முடிவு எழுதினேன். அவர் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அக்கா அதை அடித்தாள். "அவ்வளவு சுலபமில்லடா. இவ்வளவு நாள் ஆனப்புறம் முழுசாத் திரும்பும்னு சொல்ல முடியாது."

இன்னொன்று எழுதினேன். எதுவும் மாறவில்லை. அதையும் அடித்தாள். இந்தத் தடவை அடித்த வேகத்தில் காகிதம் கிழிந்துவிட்டது.

7

ஆக, முடிவு என்னிடம் இல்லை. உங்களில் ஒருவரிடம் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை, நீங்கள் கேட்காமலே, திடீரென்று ஊசி போட வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததென்றால், அதற்குப் பிறகு அவர் எப்படியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து எனக்குக் கடிதம் போடாதீர்கள். அக்காவின் வேலை போய்விடும்.

இதைப் படித்துக் காட்டினேன்.

"யாராவது போட்டா கிழிச்சு எறிஞ்சிடு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "படிச்சிட்டுக் கிழி" என்றாள்.