முட்டுவீட்டுப் பாய்

இருளம்மாள் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிக்கல் ஊர்க் கடைத்தெரு வழியாகவே முட்டுவீட்டுக்குப் போனாள். விலக்கான பெண்கள், மூன்று நாள் ஒதுங்கும் அந்தக் குடிசைக்கு, இருட்டியபின் வேலியோரமாகப் பதுங்கிப் போகிற ஊர் அது. இவளோ உச்சிவெயிலில் போனாள். பார்க்கட்டுமே! தூரம் நின்றுபோன மலடி என்று ஊரெல்லாம் தமுக்கடித்தவள் நாத்தனார் பூமயில்தானே? வயசு இருபதைத் தாண்டியும் வரன் அமையாத தன் மகள் நாகலெட்சுமியைத் இவள் புருஷனான தம்பி ராக்கப்பனுக்கு இரண்டாம் தாரமாக்கப் பரிசத்துக்கு நாள்கூடக் குறித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, இரண்டு வருசம் கழித்து, இருளம்மாளுக்கு மறுபடி உதிரம் கண்டது. ஆத்தா காளி கண் திறந்துவிட்டாள் என்று அழுதாள், சிரித்தாள். ராக்கப்பனும், "பொறுத்துப் பாப்போம்க்கா" என்று பரிசத்தைத் தள்ளிவைத்தான்.

ஆத்தா தாராளமாகவே கொடுத்தாள். தலைமுழுகி வந்து அடுப்பைத் தொடுவதற்குள் மறுபடி பாயைத் தூக்க வேண்டியிருந்தது. இடுப்பு விட்டுப்போகிற வலி. வாடை வேறு. அதை மறைக்க வேப்பிலையை மடியில் கட்டிக்கொண்டாள்.

வெள்ளைக்காரன் போன மறு வருசம் அது. ராமநாதபுரத்திலிருந்து ஒரு வேன் வந்தது. தூரம் நிற்கிற வயசுப் பெண்களை, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாக்டரம்மா பார்ப்பாராம். மற்றவர்கள் கூசிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இருளம்மாள் முதல் ஆளாகப் போனாள், புருஷனையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு. படித்தவள் வாயால் பூமயில் கேட்கட்டும்!

பள்ளிக்கூடத்தில் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு நெடுநேரம் கை கழுவினார்.

"இது தூரம் இல்லம்மா. கர்ப்பப்பை வாயில புத்து வச்சிருக்கு. உடனே மெட்ராஸ் போனா எக்ஸ்ரே கரண்டு வச்சு வைத்தியம் பாக்கலாம். விட்டா உயிருக்கே ஆபத்து. வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க, நான் சொல்றேன்."

இருளம்மாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "தாயி, அவுககிட்டச் சொல்லிராதீக. சொன்னா நாளைக்கே அந்தப் புள்ள கழுத்துல தாலி ஏறிரும். நானே பக்குவமாச் சொல்லிக் கெளம்பிர்றேன்."

டாக்டரம்மா நம்பிவிட்டார், பாவம்.

வெளியே மரத்தடியில் ராக்கப்பன் எழுந்தான். "என்ன சொன்னாக?"

"எல்லாம் நல்லா இருக்காம். புள்ள நிக்குமாம்."

சொல்லும்போது பூமயிலின் முகத்தைத்தான் பார்த்தாள். அது சுண்டிப்போனது. அந்த நொடியில் இருளம்மாளுக்கு வலியே தெரியவில்லை.

ஆனால் பூமயில் லேசுப்பட்டவளா? "நல்லதாப் போச்சு தம்பி. ஆனா இவ மாசம் பூரா முட்டுவீட்டுல கெடந்தா ஒனக்குச் சோறு யாரு பொங்குறது? நாகு இங்கனயே இருக்கட்டும்."

ராக்கப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இருளம்மாள் மெட்ராசுக்கும் போகவில்லை, தலைமுழுகி வீடு திரும்பவும் இல்லை. ஐப்பசி மழையில் நாகலெட்சுமி சோறு கொண்டுவந்தாள். தீட்டுப் படாமல் எட்ட நின்று சட்டியைத் தள்ளிவைத்தாள். இடுப்பில் இருளம்மாளின் வீட்டுச் சாவி தொங்கியது.

"அத்த, இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கா? மாமா கேட்டாக."

இருளம்மாள் சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள். "ஆமான்னு சொல்லு. ஒங்க ஆத்தாகிட்டயும் சொல்லு."

திரும்பிய நாகலெட்சுமி வேலியோரம் குனிந்து குமட்டி வாந்தி எடுத்தாள். தன் வாடைதான் என்று இருளம்மாள் வெட்கப்பட்டுச் சேலையை இழுத்து மூடினாள். அவளோ வாயைத் துடைத்துக்கொண்டு, எட்டி ஒரு கொத்துப் புளியம்பிஞ்சு பறித்து, ஆசை ஆசையாகக் கடித்துக்கொண்டே மழையில் நடந்தாள்.