ஒரே வரிசை

செத்துப்போன அப்பாவின் முகத்தைப் பார்க்க, பெற்ற மகள் வரிசையில் நின்றாள். குறுக்கே போய்விடலாம் என்றால், சங்க அலுவலக வாசலில் கயிறு கட்டி நின்ற தொண்டர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. அமைச்சரையே கடைசியில் போய் நிற்கச் சொல்லிவிட்டார்களாம். எல்லாம் தலைவர், அதாவது அவள் அப்பா, சொல்லிக்கொடுத்த பாடம்.

ஒரு காலத்தில் அந்த நகரத்து ஆஸ்பத்திரியிலும் தபால் ஆபீஸிலும் இரண்டு வரிசை இருந்தது. முன்வாசலில் மேல் என்று சொல்லிக்கொண்ட அவர்களுக்கு, கொல்லைப்புறத்தில் ஒதுக்கப்பட்ட இவர்களுக்கு. அவர்கள் வரிசை தீர்ந்த பிறகுதான் இவர்கள் பக்கம் கதவு திறக்கும். அதை ஒழிக்கத்தான் அவர் அடிபட்டார், சிறைக்குப் போனார். ஒருவழியாக ஒரே வரிசை வந்தது. இனி முந்துகிறவன் யாராக இருந்தாலும் நம்மவன் இல்லை என்று மேடைக்கு மேடை சொன்னார்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவளும் தானேதான் வளர்ந்தாள், அதில் ஒரு குறையுமில்லை. ஆனால் அம்மா மூச்சுத் திணறி ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தபோது, டாக்டரே வெளியே வந்து, தலைவர் வீட்டம்மாவை முதலில் பார்க்கிறேன் என்றார். அப்பா முன்னால் இருந்தவர்களைப் பார்த்தார்.

"எங்க முறை வரட்டும் டாக்டர்."

முறை வந்தது. அம்மாதான் இல்லை.

"நீங்கதான் அம்மாவைக் கொன்னீங்க" என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குத் தையல் வேலைக்குப் போனாள். அவர் தேடித் தேடி வந்தார். அவள் கதவைத் திறந்தாள், வாயைத் திறக்கவில்லை. இன்று ரேடியோவில் செய்தி கேட்டதும், பாதி தைத்த சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினாள். சொன்ன சொல்லை அவர் காதோரம் குனிந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். செத்தவருக்குக் கேட்காது என்று தெரியும். இருந்தாலும் மனசு ஆறவில்லை.

அவளுக்கு முன்னால் ஒரு துப்புரவுத் தொழிலாளி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என் மகன் முன்வாசல் வழியா போய்ப் பொறந்தவன்மா. அதுக்கு முன்னால ரெண்டு, கொல்லைப்பக்கத்துப் படியிலேயே போயிடுச்சு."

மகள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் உள்ளே போனதும் தொண்டன் கயிற்றை இழுத்துக் கட்டினான். நேரமாகிவிட்டது, வண்டி கிளம்ப வேண்டும், இத்தோடு சரி என்றான்.

"தம்பி, நான் அவர் மகள்."

அவன் கண் சிவந்திருந்தது. குரலில் கோபமில்லை.

"காலையிலேருந்து எல்லாரும் அதத்தான் சொல்றாங்கக்கா. நானும் அவர் பிள்ளைதான். நானே இன்னும் உள்ள போகல."

அவள் கத்தியிருக்கலாம். உள்ளே இருக்கும் பெரியவர்கள் யாராவது அடையாளம் கண்டுகொண்டிருப்பார்கள். ஆனால் அம்மாவுக்காகக்கூட முந்தாத மனிதரிடம் முந்திக்கொண்டு போய் என்ன சொல்வது? பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டாள்.

வண்டி நகர்ந்தது. பூக்குவியலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஊரே வரிசையாக நடந்தது. எல்லாரும் போகட்டும் என்று நின்று, கடைசியில் அவளும் சேர்ந்துகொண்டாள்.

"தப்பா சொல்லிட்டேன்ப்பா."

முன்னால் போன முதியவர் ஒருவர், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.